தீவும் கம்பியும்: ஒரு காட்சியின் வரலாறு

2018ஆம் ஆண்டு வாக்கில் மும்பைத் துறைமுகத்தில் இரண்டு கம்பிகளைப் பற்றிப் பேச்சு நடந்தது. ஒன்று கடலுக்கு அடியில் போட்டு முடித்தாகிவிட்ட கம்பி. ஏழரை கிலோமீட்டர் நீளம். அந்த ஆண்டு பிப்ரவரியில் அதன் வழியாக எலிஃபண்டா தீவுக்கு மின்சாரம் போனது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம்தான் தூரம். நாட்டின் பணத்தலைநகரம் கண்ணுக்கு எதிரே ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருக்கும். அந்தத் தீவின் கிராமங்களுக்குக் கம்பிவழி மின்சாரம் வந்து சேர, நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் ஆயின. அதுவரைக்கும் டீசல் ஜெனரேட்டர், அதுவும் சாயங்காலம் கொஞ்ச நேரம்.

இரண்டாவது, கடலுக்கு மேலே போகவேண்டிய கம்பி. மும்பையின் கிழக்குக் கரையிலுள்ள சிவ்ரியிலிருந்து எலிஃபண்டாவுக்கு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் நீளத்தில் ரோப்வே. மும்பைத் துறைமுகப் பொறுப்புக்கழகத்தின் திட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கடலைக் காலுக்குக் கீழே விட்டு, சில நிமிஷங்களில் குகைகளுக்குப் போய்ச் சேரலாம் என்று அறிவிப்புகள் வந்தன. இந்தக் கம்பி இன்னும் காகிதத்தில்தான் தொங்குகிறது.

முதல் கம்பி அங்கே இருக்கிறவர்களுக்கு. இரண்டாவது அங்கே வந்து போகிறவர்களுக்கு. இருக்கிறவர்களுக்கான கம்பி வர எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டிருக்க, வருகிறவர்களுக்கான கம்பி கிட்டத்தட்ட அதே நேரத்திலேயே அதிகாரிகளின் கற்பனையில் ஏறிவிட்டது என்பதை ஒரு நிர்வாகத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியும். ஆனால் 'சுற்றுலாத் தீவு' என்ற சொல்லாடல் எப்படிக் கட்டமைக்கப்படுகிறது, அதற்குக் கேபிள் கார் என்ற இயந்திரம் ஏன் இவ்வளவு தோதாக இருக்கிறது என்று கேட்டால் விஷயம் வேறாகிறது. கட்டப்படாத கம்பியைப் படிக்க முடியாது. கட்டப்பட்டு, அரை நூற்றாண்டு ஓடி, ஆள்களையும் கொன்று, இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கம்பி இருக்கிறது. சிங்கப்பூரின் ஃபேபர் மலைக்கும் செந்தோசா தீவுக்கும் நடுவே. அதைப் படிக்கலாம்.

நம்மூரில் இதற்கு ரோப் கார் என்று பேர். பழனியில் படி ஏற முடியாதவர்கள் போவதற்காக வந்தது. மலை செங்குத்து, முழங்கால் வலி, ஆகவே கம்பி. இந்த நியாயம் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் கடலில் செங்குத்து கிடையாது. படகு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரு படகு நூறு பேரைக் கொண்டுபோகும் இடத்தில் ஒரு பெட்டி ஆறேழு பேரைத்தான் கொண்டுபோகும். பின் எதற்குக் கம்பி?

செந்தோசாவுக்கு 1970 வரை இருந்த பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி. மலாயில் 'பிளாக்காங்' என்றால் பின்புறம், 'மாத்தி' என்றால் சாவு. சாவுக்குப் பின்னால் உள்ள தீவு, பின்பக்கம் செத்துப்போன தீவு என்று பலவாறாகப் பொருள் சொல்வார்கள். கடற்கொள்ளையர் கதை ஒன்று, கொள்ளைநோய்க் கதை ஒன்று, வறண்ட மண்ணைப் பற்றிய கதை ஒன்று. இதில் எது சரி என்ற மொழியியல் தகராறுக்குள் நாம் போகவேண்டியதில்லை. காய்ச்சல் மட்டும் உண்மை. 1840களில் அந்தத் தீவில் காய்ச்சலில் ஆள்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1848இல் ராபர்ட் லிட்டில் என்ற மருத்துவர், இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் பவளப்பாறைகள்தான் என்று ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். கொசுவைப் பற்றிய அறிவு வர இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது. நோய்க்கான பழி கடலுக்குக் கீழே இருந்த பவளத்தின் மேல் விழுந்தது.

தீவில் கப்பல்களுக்கான சிக்னல் நிலையம் ஒன்று இருந்தது. அதை எதிர்க்கரையில் இருந்த தெலோக் பிளாங்கா குன்றுக்கு மாற்றினார்கள். அந்தக் குன்றுக்குப் பாதை வெட்டியவர் சார்ல்ஸ் எட்வர்ட் ஃபேபர். மதராஸ் இஞ்சினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன். 1845இல் குன்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் சாலை என்றால், அரசாங்கக் கட்டடம் என்றால், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு. 1825இலிருந்து 1873 வரைக்கும் அந்த ஏற்பாடு நீடித்தது, மதராஸ் மாகாணத்துக் கைதிகளும் அதில் நிறைய. மேஸ்திரி பெயர் மலைக்கு நின்றது, கல் உடைத்தவன் பெயர் எங்கும் இல்லை என்பதெல்லாம் நமக்குப் பழகின கதை. கவனிக்க வேண்டியது வேறொன்று. இன்றைய கேபிள் கார் இணைக்கிற இரண்டு முனைகளும் 1840களிலேயே ஒரு பார்வையால் இணைக்கப்பட்டவை. துறைமுகத்துக்குள் எந்தக் கப்பல் வருகிறது என்று உயரத்திலிருந்து பார்த்துச் சொல்வதுதான் சிக்னல் நிலையத்தின் வேலை. அந்தக் கண் முதலில் தீவில் இருந்தது. காய்ச்சலுக்குப் பயந்து மலைக்குப் போனது. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து அதே மலையிலிருந்து அதே தீவைப் பார்த்துக்கொண்டே போக மனிதர்களிடம் டிக்கெட் வாங்கினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தீவு கோட்டையாயிற்று. சிலோசோ, செராப்போங், கன்னாட் என்று பீரங்கிக் கோட்டைகள். நிலக்கரி ஏற்றவரும் நீராவிக் கப்பல்களையும், பின்னாளில் கெப்பல் துறைமுகம் என்று பெயர் பெற்ற கால்வாயையும் காப்பது அவற்றின் வேலை. பீரங்கிகள் தப்பான திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் 1942இல் சிங்கப்பூர் விழுந்தது என்ற பிரபலமான கதையை வரலாற்றாசிரியர்கள் மறுத்தாகிவிட்டது. அது இருக்கட்டும். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதைத் தொடர்ந்த வாரங்களில் ஜப்பானிய ராணுவம் சீன ஆண்களைப் பொறுக்கி எடுத்துக் கொன்றது. 'சூக் சிங்' என்று அதற்குப் பெயர். தஞ்சோங் பகார் துறையிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலிலேயே சுட்டார்கள். குண்டு துளைத்த சுமார் முந்நூறு சடலங்கள் பிளாக்காங் மாத்திக் கரையில் ஒதுங்கின. சிறைமுகாமுக்குப் போகக் காத்திருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படையினரே அவற்றைப் புதைத்தார்கள். அந்த இடத்தின் பக்கத்தில் இன்று கோல்ஃப் மைதானம்.

அடுத்து நடந்தது பொருளாதாரம். பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக 1968 ஜனவரியில் அறிவித்தது. அந்தப் படைத்தளங்கள் சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பிளாக்காங் மாத்தி அதற்குள் புதிய அரசின் கைக்கு வந்துவிட்டிருந்தது. இந்தத் தீவை என்ன செய்வது? எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை பலமாக இருந்தது. நகரச் சீரமைப்புத் துறையின் தலைவராக இருந்த ஆலன் சோ அதை எதிர்த்தார். டச்சுப் பொருளாதார ஆலோசகர் ஆல்பர்ட் வின்செமியஸ் அவருக்குத் துணை நின்றார். நகரத்தின் முகத்துக்கு நேரே இருக்கும் தீவைப் புகைபோக்கிகளுக்குக் கொடுப்பதா என்பது அவர்கள் வாதம். ஆலன் சோவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆலை வந்திருந்தால் தீவு தீவாகவே இருந்திருக்காது. ஆனால் அந்த விவாதத்தில் தீவுக்கு இரண்டே இரண்டு எதிர்காலங்கள்தான் இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும்: எரிகிற தீவு, அல்லது பார்க்கப்படுகிற தீவு. அங்கே கம்பத்து வீடுகளில் குடியிருந்தவர்களின் தீவு என்கிற மூன்றாவது எதிர்காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் பெருநிலத்துக்குக் குடியமர்த்தப்பட்டார்கள். கோப்புகளில் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் இருப்பதில்லை. 'குடியமர்த்தப்பட்டனர்'. செயப்பாட்டுவினையில் அரசுகள் வசதியாக ஒளிந்துகொள்கின்றன.

ஆளைக் காலி பண்ணினால் போதாது, பெயரையும் காலி பண்ண வேண்டும். சாவு என்று பெயர் வைத்துக்கொண்டு எவன் வருவான்? 1970இல் சுற்றுலா வாரியம் பொதுமக்களிடம் போட்டி வைத்தது. தேர்வான பெயர் செந்தோசா. மலாயில் அமைதி, நிம்மதி. தமிழ் வாசகருக்குக் காது உடனே சொல்லிவிடும், இது எங்கேயோ கேட்ட சொல்லாச்சே என்று. சமஸ்கிருத 'சந்தோஷ'தான் கடல் கடந்து போய், ஆயிரம் வருஷம் மலாய் நாக்கில் புரண்டு, 'செந்தோசா' ஆகியிருக்கிறது. ஒரு காலத்தில் வணிகர்களோடும் பிராமணர்களோடும் போன சொல், இருபதாம் நூற்றாண்டில் ஒரு விளம்பரத்துக்குப் பயன்பட்டது. 1972 செப்டம்பரில் செந்தோசா வளர்ச்சிக் கழகம் உருவானது. சந்தோஷத்துக்கு ஒரு கழகம், அதற்கொரு சட்டம், அதற்கொரு தலைவர்.

1974 பிப்ரவரி 15 அன்று கேபிள் கார் திறக்கப்பட்டது. ஒரு துறைமுகத்தின் குறுக்கே போடப்பட்ட உலகின் முதல் கம்பிவடப் பாதை என்று அதைச் சொல்கிறார்கள். பிப்ரவரி 15, சரணடைந்த நாள். முப்பத்திரண்டு வருஷம். தேதியைத் தேர்ந்தவர்கள் இதை மனதில் வைத்திருந்தார்களா என்பது நமக்கு முக்கியமில்லை. நாள்காட்டியில் ஒரே சதுரத்தில் இரண்டும் உட்கார்ந்துவிட்டன.

இந்த இடத்தில் ரோலான் பார்த் ஈஃபில் கோபுரத்தைப் பற்றி 1964இல் எழுதிய கட்டுரை உதவும். கோபுரம் பார்க்கப்படும் பொருள், அதே சமயம் பார்க்கிற இடமும்கூட என்பது அவர் சொல்வதன் சாரம். உயரத்தில் நிற்பவனுக்கு நகரம் ஒரு பிரதியாக, வாசிக்கத்தக்கதாக ஆகிவிடுகிறது. கேபிள் கார் இதையே இன்னும் கொஞ்சம் தூரம் எடுத்துக்கொண்டு போகிறது. கோபுரத்தில் நிற்பவன் தான் எங்கே திரும்ப வேண்டும் என்று தானே முடிவுசெய்யலாம். பெட்டியில் உட்கார்ந்தவனுக்குக் காட்சி வரிசையாக ஊட்டப்படுகிறது. முதலில் மலை, பிறகு கிடங்குகள், பிறகு கப்பல், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சினிமாதான், இருக்கை நகருகிறது, அவ்வளவே. இந்த வரிசையில் தீவு எப்போதும் முடிவாக, பரிசாக வருகிறது. படகில் போகிறவன் தீவின் கரையை முதலில் பார்க்கிறான்: சேறு, பாசி பிடித்த படி, கயிறு வாங்க நிற்கிற ஆள், நாய். கேபிள் காரில் போகிறவனுக்குக் கரையே கிடையாது. அவன் நேராகத் தீவின் தலையில் இறங்குகிறான்.

அப்படி அவன் கடந்துபோன கெப்பல் துறைமுகம் வேடிக்கைப் பொருள் இல்லை. உலகத்திலேயே அதிகம் வேலை நடந்த நீர்ப்பரப்புகளில் அது ஒன்று. தஞ்சோங் பகாரிலும் துறைமுக வாரியத்தின் குடியிருப்புகளிலும் இருந்த தமிழர், மலையாளி, தெலுங்குக் கூலிகள் தலைமுறை தலைமுறையாகச் சுமை இறக்கிய இடம். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' ஏறிய டெக் பயணிகளில் பலருக்குச் சிங்கப்பூரின் முதல் தரை, பக்கத்திலேயே இருக்கிற செயின்ட் ஜான்ஸ் தீவின் தனிமைப்படுத்தும் முகாம்தான். அம்மை இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். தென்திசைத் தீவுகள் எல்லாமே இப்படித்தான் இருந்தன: ஒன்று கோட்டை, ஒன்று நோய் முகாம், ஒன்று எண்ணெய்த் தொட்டி. செயின்ட் ஜான்ஸ் தீவில் அரசியல் கைதிகளும் இருந்தார்கள். பின்னாளில் நாட்டின் அதிபரான தேவன் நாயர் 1951இல் அங்கே அடைக்கப்பட்டவர். நகரம் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பாததை எல்லாம் தள்ளிவைக்கிற இடம் தீவு.

ஆக ஒரே நீருக்கு மேல் இரண்டு கடல்கள் இருந்தன. கீழே வேலையின் கடல், மேலே காட்சியின் கடல். இரண்டும் ஒன்றை ஒன்று தொடாது என்ற நம்பிக்கையில்தான் கம்பி நின்றது.

1983 ஜனவரி 29, சனிக்கிழமை மாலை ஆறு மணி வாக்கில் தொட்டது. எனிவெட்டோக் என்ற எண்ணெய் துளையிடும் கப்பலைத் துறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். துளையிடும் கப்பல் என்றால் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு இரும்புக் கோபுரம். சாதாரணக் கப்பலின் கொடிமரம் மாதிரி இல்லை. அந்தக் கோபுரம் கம்பியில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் ஐம்பது மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து கடலில் விழுந்தன. ஏழு பேர் செத்தார்கள். பதின்மூன்று பேர் மற்ற பெட்டிகளில், காற்றில் ஆடிக்கொண்டு, ராத்திரியெல்லாம் தொங்கினார்கள். ஹெலிகாப்டர்களைக் கொண்டு ஒவ்வொருவராக மீட்டார்கள். மீட்புப் பணியை நடத்தியவர் அப்போது கர்னலாக இருந்த லீ சியன் லூங். 2004இலிருந்து 2024 வரை பிரதமராக இருந்தவர். ஒரு தேசத்தின் நினைவில் இந்தச் சம்பவம் பெரும்பாலும் அந்த மீட்பாகவே பதிந்திருக்கிறது. திறமையான அரசு, துணிச்சலான விமானிகள். துணிச்சல் உண்மையானதுதான், அதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. கப்பலை நகர்த்தியவர்களின் கவனக்குறைவுதான் காரணம் என்று முடிவாயிற்று. கோபுரம் எவ்வளவு உயரம், கம்பி எவ்வளவு உயரம் என்ற இரண்டு எண்களையும் சேர்த்துவைத்துப் பார்க்கவேண்டியவர்கள் பார்க்கவில்லை. சட்டத்துக்கு இது போதும். நமக்குப் போதாது. ஒன்பது வருஷமாகக் கப்பல்காரர்களின் தலைக்கு மேல் அந்தக் கம்பி இருந்திருக்கிறது. அது அவர்கள் உலகத்தின் பகுதியாக இல்லை. அவர்கள் பார்வை நீரோட்டத்தில், கரையில், பக்கத்துக் கப்பலில். மேலே போகிறவர்களுக்கும் கப்பல் அவர்கள் உலகத்தின் பகுதியாக இல்லை. அது ஃபோட்டோவில் கீழே வருகிற அழகான பொம்மை. காட்சியாக ஆகிவிட்ட ஒன்றுக்கு எடையும் உயரமும் உண்டு என்பது நினைவில் நிற்பதில்லை. அந்த மாலையில் பொம்மை எழுந்து நின்றது.

சில மாதங்களில் கேபிள் கார் மறுபடி ஓடத் தொடங்கியது.

இனி வருவது இன்னொரு வகைத் தொங்கல். சியா தை போ என்பவர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். பாரிசான் சோசியலிஸ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1966 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைதானார். குற்றச்சாட்டுப் பத்திரிகை கிடையாது, வழக்கு கிடையாது, தீர்ப்பும் கிடையாது. வன்முறையைக் கைவிடுவதாகவும் கம்யூனிஸ்ட் கட்சியோடு உறவைத் துண்டித்துக்கொள்வதாகவும் எழுதிக் கொடுத்தால் விடுதலை. இல்லாத உறவை எப்படித் துண்டிப்பது என்று அவர் எழுதிக் கொடுக்க மறுத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சிறை. 1989 மே மாதம் அவரை 'விடுவித்தார்கள்'. எங்கே? செந்தோசாவில். ஒரு அறை கொண்ட பழைய காவல் வீட்டில் கொண்டுபோய் வைத்து, இனி நீ சுதந்திர மனிதன், ஆகையால் வாடகை கட்டு, சாப்பாட்டுச் செலவையும் நீயே பார்த்துக்கொள் என்றார்கள்.

இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். தீவின் பெயர் சந்தோஷம். தலைக்கு மேலே கேபிள் கார் போய்க்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் மீன் காட்சியகம், பட்டாம்பூச்சிப் பூங்கா, கடற்கரை என்று சுற்றுகிறார்கள். சாயங்காலம் திரும்பிப் போகிறார்கள். நடுவில் ஒரே ஒருவர் மட்டும் திரும்பிப் போக முடியாதவர். சிறைச்சுவர் ஒன்றும் இல்லை. அவர் பிரயாணிகளுக்கு நடுவே நடக்கலாம், அதே மரத்தின் நிழலில் உட்காரலாம். சிறைக்கும் உல்லாசத்துக்கும் இடையே நாம் போட்டுவைத்திருக்கும் கோடு அங்கே அழிந்துபோகிறது. அல்லது இப்படிச் சொல்லலாம்: இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே புவியியல். சுற்றிலும் தண்ணீர், நுழையவும் வெளியேறவும் எண்ணத்தக்க வாசல்கள், வந்தவர்களின் கணக்கு. ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாமெல்லாம் வட்டக் கண்காணிப்புச் சிறையைப் பற்றி ஏகத்துக்குப் பேசினோம். அதில் கோபுரம் நடுவே அசையாமல் நிற்கும். செந்தோசாவிலோ கோபுரத்தைச் சிறு பெட்டிகளாகப் பிரித்துக் கம்பியில் கட்டி, தலைக்கு மேலே ஓடவிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த யாருக்கும் தான் காவல் காக்கிறோம் என்று தெரியாது. கீழே இருப்பவர் யார் என்றும் தெரியாது.

அவர் கழகத்துக்கே மொழிபெயர்ப்பு வேலை செய்து காலம் தள்ளினார். சந்தோஷத்தைப் பற்றிய வாசகங்களை மொழிபெயர்க்கிற கைதி. ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் ரொம்ப செயற்கையாக இருக்கிறதே என்று நாமே விமர்சனம் எழுதியிருப்போம்.

மண்டேலா 27 ஆண்டுகள் உள்ளே இருந்தார், அதில் 18 ராபன் தீவில். அந்தத் தீவும் இன்று சுற்றுலாத் தீவு. ஆனால் அங்கே போகிறவர்கள் சிறையைப் பார்க்கத்தான் போகிறார்கள், முன்னாள் கைதிகளே சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். சிறை முடிந்து சுற்றுலா வந்தது. செந்தோசாவிலோ இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே நுழைவுக் கட்டணத்துக்குள் நடந்தன. சியா தை போ 1992இல் பெருநிலத்துக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார், அதுவும் நிபந்தனைகளோடு. கடைசி நிபந்தனை 1998 நவம்பரில் நீங்கியது. மொத்தம் முப்பத்திரண்டு வருஷம். சரணடைந்த நாளுக்கும் கேபிள் காரின் திறப்பு நாளுக்கும் இடையிலிருந்த அதே கால அளவு.

அதே 1992இல் தீவுக்குச் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. இனி பஸ்ஸில் போகலாம், காரில் போகலாம், நடந்தும் போகலாம். 2007இல் ரயிலும் வந்துவிட்டது. போக்குவரத்து என்ற பெயரில் கேபிள் காருக்கு இருந்த கடைசிச் சாக்கும் போயிற்று. ஆனாலும் அது நிற்கவில்லை. 2010இல் புதுப் பெட்டிகளோடு விலை கூட்டி மறுபடி வந்தது. அதே வருஷம் தீவில் சூதாட்ட விடுதியும் திறந்தது. போய்ச்சேர வேறு எந்த வழியும் இல்லாத காலத்தில் பிறந்த கண்டுபிடிப்பில்லை கேபிள் கார்; எல்லா வழிகளும் வந்த பிறகும் உயிர் வாழ்வது என்பதிலிருந்தே அது எதற்காக இருந்தது என்று தெரிகிறது. விற்கப்பட்டது தூரம் இல்லை, உயரம்.

இப்போது மும்பைக்கு வருவோம். வியட்நாமில் 2007இல் நியாசாங் நகரத்திலிருந்து ஒரு தீவுக்கு மூன்று கிலோமீட்டருக்கும் மேல் கம்பி போட்டார்கள்; 2018இல் ஃபூகுவோக்கிலிருந்து ஹோன் தோம் தீவுக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாக ஒன்று வந்து உலகச் சாதனை ஆயிற்று. மும்பைத் திட்டத்தின் எட்டு கிலோமீட்டர் அந்தச் சாதனைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே பேசப்பட்டது போலிருக்கிறது. 'உலகின் மிக நீளமான' என்ற அடைமொழி நம் அரசுகளுக்குப் பிடித்த மதுபானம்.

எலிஃபண்டா காலியான தீவு இல்லை. உள்ளூர்ப் பெயர் காராபுரி. மூன்று சிறு கிராமங்கள். ஆக்ரி, கோலி மக்கள். மீன், கொஞ்சம் நெல், படகு, குகை பார்க்க வருகிறவர்களுக்கு வெள்ளரிக்காயும் மோரும் தொப்பியும். போர்த்துக்கீசியர் 1534 வாக்கில் வந்தபோது கரையில் நின்ற கல் யானையைப் பார்த்து வைத்த பெயர்தான் எலிஃபண்டா. அந்த யானை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடைந்து, துண்டுகளாக நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஒட்டப்பட்டு, இப்போது பைகுல்லாவில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெயருக்குக் காரணமான பொருள் தீவில் இல்லை. ஆறாம் நூற்றாண்டுக் குகையின் மூன்று முகச் சிவன் இருக்கிறார், 1987இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில்.

குகைக்கு இப்போது எப்படிப் போகிறோம்? படகில் இறங்கி, நீண்ட துறைப்பாதையில் நடந்து, நூற்றுச் சொச்சம் படி ஏறி. படியின் இரண்டு பக்கமும் கடைகள். பாசிமணி, பித்தளை, கல் யானை, எலுமிச்சை சோடா. ரசனை உள்ளவர்கள் இந்தக் கடைகளைத் திட்டாமல் வருவதில்லை; உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கு முன்னால் இப்படிப் பிளாஸ்டிக் கூரையா என்பார்கள். அந்தக் கூரைகள்தான் தீவின் பொருளாதாரம். கரையிலிருந்து குகை வரைக்குமான அந்த நடையில்தான் வருகிறவனின் காசு இருக்கிறவனின் கைக்கு மாறுகிறது. கம்பி எங்கே இறங்குகிறது என்பதுதான் ஆகவே முழுக் கேள்வியும். பெட்டி மேலே கொண்டுபோய் இறக்கினால் படி செத்துப்போகும். தீவின் இன்னொரு பக்கம் இறக்கினால் இப்போதைய படகுத்துறை செத்துப்போகும். யாருடைய கடை எங்கே நகரும், படகுக்காரர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கெல்லாம் திட்ட அறிவிப்புகளில் 'உள்ளூர் வேலைவாய்ப்பு பெருகும்' என்கிற ஒரே வாக்கியம் பதிலாக இருக்கும். குடியமர்த்தப்பட்டனர் என்ற வாக்கியத்தின் தம்பி அது.

படகில் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' படகின்மேல், இஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை வேகப்படகு ஒன்று மோதியது. பதினைந்து பேர் இறந்தார்கள். அங்கேயும் வேலையின் கடலும் காட்சியின் கடலும் ஒரே தண்ணீரில்தான் இருந்தன. ஆனால் அதற்கான மருந்து உயிர்காப்பு அங்கி, ஏற்றும் ஆள்களின் கணக்கு, சோதனை ஓட்டத்துக்குத் தனி நீர்ப்பாதை. ஆள்களைத் தூக்கி வானத்தில் மாட்டுவது இல்லை. மும்பைத் துறைமுகத்திலும் கப்பல்கள் போகின்றன. எதிரே நாவா சேவாவின் கன்டெய்னர் கிரேன்கள். மிக உயரமான கப்பல் எவ்வளவு உயரம், கம்பியின் தொய்வு எவ்வளவு என்ற இரண்டு எண்களை அங்கேயும் யாரோ பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.

கம்பி புறப்பட வேண்டிய சிவ்ரி சேற்றுக்கரையில் குளிர்காலத்துக்குப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வரும். 2024 ஜனவரியில் அங்கிருந்துதான் கடல்மேல் பாலமும் தொடங்கியது, இருபத்தொரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பாலத்தில் நிறுத்திப் பார்க்க அனுமதி கிடையாது. காராபுரியின் மூன்று கிராமங்களிலும் ராத்திரி இப்போது விளக்கு எரிகிறது. கடைசிப் படகு போனபின் அங்கே வெளியாள் யாரும் தங்க முடியாது, விடுதி இல்லை. கடைகளின் மேல் பிளாஸ்டிக் கூரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, படியில் உட்கார்ந்து, எதிரே மும்பையைப் பார்ப்பார்கள்.